யார் செய்த பாவம்?



இந்த வாரத் தியானத்திற்காக மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்தேன். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் துன்பப்பட்ட ஸ்திரீயின் சரித்திரம் அதில் இருக்கிறது. நான் அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவளுடைய விசுவாசத்தைப் பற்றியும், ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்ட அவளுடைய துணிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். ஆனால் எங்கள் சபையிலேயே அப்படிப்பட்ட ஒரு சகோதரி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பிரசங்கங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. அவளுக்கும் அவளுடைய மகனுக்கும் நான் செய்த இரண்டு தவறுகளை இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். இதை எழுதுவதற்கு இருவரும் சம்மதம் கொடுத்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

எங்கள் சபை மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற வழியில் இருக்கிறது. அந்தச் சகோதரி சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகத்தில் தையல் வேலை செய்கிறவள். கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறவர். 2008ஆம் ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழத் தொடங்கிய நாளிலிருந்து முழங்காலிலும் மார்பிலும் நீலம் பாரித்த தடிப்புகள் தோன்றின. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் விரல் பட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். பிள்ளையை அடிக்கிறாளோ என்று அக்கம்பக்கத்தார் பேசினார்கள். ஒரு வயதில் விழுந்து மேலுதட்டின் உட்புறம் கிழிந்தது. மூன்று நாள் இரத்தம் கசிந்தது. அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்டார்கள். அந்தத் தொடை பூசணிக்காய்போல் வீங்கியது.

பிறகு நகரத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சோதித்தார்கள். 2010இல், குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது, இது ஹீமோஃபிலியா ஏ, கடுமையான வகை என்று மருத்துவர் சொன்னார். ஃபேக்டர் 8 என்னும் உறைவுப் பொருள் அவன் இரத்தத்தில் ஒரு சதவீதத்திற்கும் குறைவாக இருந்தது.

அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். மாமியார் வாசலிலேயே என்னை நிறுத்தி, "ஐயா, எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. இவ தாய்மாமன் ஒருத்தன் சின்ன வயசுல பல்லைப் பிடுங்கப் போய் ரத்தம் நிக்காமச் செத்திருக்கான். அதை மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க" என்றார். உள்ளே அந்தத் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் வரும் என்பதை எடுத்துப் பேசினேன். அவளுடைய தாய்வீட்டின் பாவங்களை அறிக்கையிடும்படி அவளை முழங்காலில் நிற்கச் சொன்னேன். தலைமுறைச் சாபம் முறியட்டும் என்று சத்தமாக ஜெபித்தேன். அவள் அழுதாள். நல்ல ஊழியம் செய்தோம் என்ற நிறைவோடு நான் வீடு திரும்பினேன்.

பிரியமானவர்களே, இதுதான் என் முதலாவது தவறு. மாமியார் வாயால் சொன்ன பழியை நான் வேதத்தின் பேரால் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இந்த நோய் என்ன என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. இப்போது அறிந்ததை எளிமையாகச் சொல்லுகிறேன். நமக்குக் காயம் பட்டால் இரத்தம் தானாக உறைந்து நிற்கிறது. அதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். மருத்துவர்கள் அவற்றை எண்ணிட்டு அழைக்கிறார்கள். எட்டாவது இல்லாமற்போனால் அது ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாவது இல்லாமற்போனால் ஹீமோஃபிலியா பி. இந்த நோய் உள்ளவருக்கு மற்றவர்களைவிட வேகமாக இரத்தம் பாய்வதில்லை. ஆனால் வெகு நேரம் நிற்பதில்லை. வெளியே தெரியும் சிறு கீறலைவிட உள்ளே, மூட்டுகளிலும் தசைகளிலும் தலைக்குள்ளும் கசியும் இரத்தமே ஆபத்தானது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவரிடம் ஏ வகை காணப்படுகிறது.

அந்த ஃபேக்டரை உண்டாக்கும் கட்டளை எக்ஸ் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரே எக்ஸ். அது தாயிடமிருந்து வருவது. தாயின் இரண்டில் ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தால், அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்நோய் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மகளும் அந்தப் பிழையைச் சுமப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. நோயுள்ள தகப்பனுடைய மகன்களுக்கு அவரிடமிருந்து இது வராது. மகள்கள் அனைவரும் அதைச் சுமப்பார்கள். இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. பிழை புதிதாக நேர்ந்தது. அங்கே எந்த மூதாதையரைப் பிடித்துச் சாபம் முறிப்பது?

இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி இதைச் சுமந்தவர். அவருடைய மகன் லியோபோல்டுக்கு இந்நோய் இருந்தது. மகள்கள் வழியாக அது ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் பரவியது. ரஷ்யப் பேரரசரின் ஒரே மகன் அலெக்ஸியும் இதனால் துன்பப்பட்டான். அவனுடைய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் அது பி வகை என்று 2009இல் கண்டறிந்தார்கள். அரண்மனைக்கும் முடிச்சூர் வாடகை வீட்டுக்கும் இந்நோய் பேதம் பார்ப்பதில்லை.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு பழைய யூதச் சம்பவம். நாசரேத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் செப்போரிஸ் என்னும் ஊர் இருந்தது. அங்கே நான்கு சகோதரிகள் இருந்தார்கள் என்று தல்மூது கூறுகிறது. முதலாவது சகோதரியின் மகனுக்கு விருத்தசேதனம் செய்தார்கள், குழந்தை இறந்துபோனது. இரண்டாவது சகோதரியின் மகனும், மூன்றாவது சகோதரியின் மகனும் அப்படியே இறந்தார்கள். நான்காவது சகோதரி ரபான் சீமோன் பென் கமாலியேலிடம் வந்தாள். உன் மகனுக்குச் செய்யவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இது கிறிஸ்துவுக்குப்பின் இரண்டாம் நூற்றாண்டு.

ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்ட உடன்படிக்கையின் அடையாளத்தையே ஒரு குழந்தையின் உயிருக்காக அந்த ஆசிரியர் ஒதுக்கிவைத்தார். ஃபேக்டர் என்ற சொல்லையே அவர் அறியார். ஆயினும் சகோதரிகள் வழியாக ஏதோ வருகிறது என்று கண்டுகொண்டார். அந்தப் பெண்ணிடம் உன் தாய்வீட்டார் என்ன பாவம் செய்தார்கள் என்று அவர் கேட்டதாக அங்கே இல்லை. பதினெட்டு நூற்றாண்டு கழித்து, கைப்பேசியும் வேதாகம அகராதியும் வைத்திருந்த நான் கேட்டேன்.

இரண்டாவது தவறு 2014 மே மாதம் நடந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் நான்காம் நாள். பையனுக்கு ஆறு வயது. ஓட்டப் பந்தயத்தில் அவனைச் சேர்க்க வேண்டாம் என்று அவன் தாய் ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் கூப்பிட்டதும் அவனும் ஓடினான், விழுந்தான். இரத்தம் ஒரு துளிகூட வெளியே வரவில்லை. சற்று நேரம் கழித்து, "ஐயா, முட்டிக்குள்ள சூடா, குறுகுறுன்னு இருக்கு" என்றான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. சுளுக்காக இருக்கும் என்று ஒரு மூப்பர் சொன்னார். நான் ஜெப எண்ணெயை எடுத்து அவனுடைய முழங்காலில் ஊற்றி, அழுத்தி உருவிவிட்டு, கைவைத்து ஜெபித்தேன். மதிய உணவுக்குப் பிறகு பார்ப்போம் என்று பாயில் படுக்கவைத்தேன்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத் தகவல் தெரிந்து அவன் தாய் வேலையிலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் முழங்கால் இரு மடங்காகியிருந்தது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எண்ணெய் பளபளத்த அந்த முழங்காலை அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஜி.எஸ்.டி. சாலை வழியாக நகரத்துக்குப் போனோம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நெரிசல். ஒவ்வொரு பள்ளத்திலும் பையன் அலறினான். நான் ஜெபித்துக்கொண்டே வந்தேன். ஆனால் என்ன ஜெபிப்பதென்று எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் மருத்துவர் எனக்கு விளக்கினார். அந்தச் சூடும் குறுகுறுப்புமே முதலாவது அடையாளம். வீக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கிவிடும். நோயுள்ள பிள்ளைக்கு அது தெரியும். அவன் சொன்னால் நம்ப வேண்டும். அப்பொழுதே, கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், ஃபேக்டர் ஏற்ற வேண்டும். உருவிவிடக் கூடாது, சூட்டு ஒத்தடம் கூடாது. காலை அசைக்காமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் இரத்தம் கசிந்தால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, வாலிப வயதிலேயே கால் மடங்காமற்போகும்.

நான் அழுத்தி உருவிய அந்த முழங்கால் இன்றுவரை முழுவதுமாக நீளுவதில்லை. என்னால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. அவன் தாயும் சொல்லவில்லை. ஆனால் கையில் கிடைத்த இரண்டு மணி நேரத்தை நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

ஜெபம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஆட்டோவில் ஜெபியுங்கள். ஊசி ஏறும்போது ஜெபியுங்கள். வண்டி கூப்பிடாமல் ஜெபிக்காதிருங்கள்.

அன்று மாலை நடந்ததே இந்த எழுத்துக்குக் காரணம். ஃபேக்டர் ஏறி, வலி சற்று அடங்கி, பையன் உறங்கினான். மருத்துவர் ஒரு நடுத்தர வயது அம்மையார். குறிப்பேட்டை மூடிவிட்டுப் போகத் திரும்பியவர், நின்று, அந்தத் தாயைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். தனக்கு ஒன்றுமில்லை என்றாள் அவள். மருத்துவர் உட்கார்ந்தார். என்னை வெளியே இருக்கும்படி சைகை செய்தார். அவர்கள் பேசியதைப் பின்பு அந்தச் சகோதரியே என் மனைவியிடம் சொன்னாள்.

மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கும் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு நாள். பல் பிடுங்கியபோது என்ன ஆயிற்று? தலையணை நனைந்தது. பிரசவத்தில்? இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னீர்களா? பெண்களுக்கு எல்லாம் அப்படித்தான் என்று அம்மா சொன்னார்கள். அவளுடைய இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். ஃபேக்டர் 8 சாதாரணமாக ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவளுக்கு இருபத்து நான்கு.

நோயைச் சுமக்கும் பெண்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. அது சரியல்ல. அவர்களில் பலருக்கு ஃபேக்டர் அளவு குறைந்திருக்கும். நாற்பது சதவீதத்திற்குக் கீழே இருந்தால் அவர்களும் இலேசான ஹீமோஃபிலியா உள்ளவர்களே. அதிக உதிரப்போக்கு, தீராத இரத்தசோகை, பிரசவத்தில் ஆபத்து என்று அது வெளிப்படும். தெரிந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. டிரானெக்சாமிக் அமில மாத்திரையே பலருக்கு உதவுகிறது. பிரசவத்திற்கு முன்னே மருத்துவருக்குச் சொன்னால் தாயையும் சேயையும் காக்க ஆயத்தம் செய்வார்கள்.

பதின்மூன்று வயதிலிருந்து அந்தச் சகோதரி பெரும்பாட்டைச் சுமந்துகொண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, யாரால் வந்தது என்று குடும்பம் கேட்டது. என்ன பாவம் என்று போதகன் கேட்டேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று அந்த ஒரு மருத்துவர்தான் கேட்டார்.

இப்போது மாற்கு ஐந்தாம் அதிகாரத்துக்கு என்னோடு வாருங்கள். ஆண்டவர் அன்று யாருடைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்? ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் வீட்டுக்கு. அவனுடைய பன்னிரண்டு வயது மகள் மரண அவஸ்தையில் இருக்கிறாள். பிள்ளைக்காகப் போகிற அவசரப் பயணம் அது. அந்த அவசரத்தின் நடுவிலே அவர் நின்றார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். ஜனங்கள் நெருக்குகிறார்களே என்று சீஷர்கள் வியந்தார்கள். அவர் நகரவில்லை. அவள் பயந்து நடுங்கி முன்னே வந்து, உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். தன்னிடம் இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தவள் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே, அந்த விவரம் அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். கடைசியில் அவர் அவளை மகளே என்று அழைத்தார். யவீருவின் மகள் மட்டுமல்ல, இவளும் ஒரு மகள்.

இத்தனை ஆண்டுகள் இந்தப் பகுதியில் அவளுடைய விசுவாசத்தையே நான் பிரசங்கித்தேன். அவர் நின்றதையும் கேட்டதையும் கவனிக்காமற்போனேன். குழந்தைக்காக வந்த மருத்துவர் தாய்க்காக நின்றபோது அந்த அதிகாரம் எனக்குத் திறந்தது.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்திலும் இதே பாடம் இருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்ட கேள்வி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்பதே. இருவருமல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்தது வைத்தியம்.

இந்தக் கேள்வி தாம்பரத்துக்குப் புதிதல்ல. நம் சானடோரியத்துக்குப் பெயர் தந்த நெஞ்சக நோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. பின்னாளில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் அங்கேதான் வந்தார்கள். அந்த வாசலில் இறங்கியவர்களைப் பார்த்து நாம் முதலில் கேட்டதும் என்ன பாவம் என்பதுதானே?

அந்த நோய்க்கும் ஹீமோஃபிலியாவுக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவன் 1947இல் லண்டனில் பிறந்து கனடாவில் வளர்ந்தவன். அவனுக்குக் குறைவாயிருந்தது மற்றவர்களைப்போல எட்டாவது ஃபேக்டர் அல்ல, வேறொன்று என்று ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் கண்டார்கள். 1952 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டு, அவன் பெயராலேயே கிறிஸ்மஸ் நோய் என்று அழைத்தார்கள். அதுவே ஹீமோஃபிலியா பி. வளர்ந்து மருத்துவமனையில் புகைப்படக் கலைஞராக வேலை செய்தார். ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. தூய்மையான இரத்தத்திற்காகக் குரல் கொடுத்தபடியே 1993 டிசம்பரில் மரித்தார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகள் அப்படியே மாண்டார்கள். அவர்களில் எவரும் செய்த பாவம் ஒன்றுமில்லை. பிழைக்க வேண்டி மருந்து ஏற்றிக்கொண்டார்கள்.

இந்தியாவில் பணத்துக்கு இரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 1998 ஜனவரி முதல் நின்றது. இப்போது கிடைக்கும் ஃபேக்டர் மருந்துகளில் கிருமிகளை அழிக்கும் முறைகள் உண்டு; இரத்தத்திலிருந்து எடுக்காமல் ஆய்வகத்தில் உண்டாக்கும் வகையும் உண்டு. ஆகவே பழைய பயத்தினால் எந்தப் பெற்றோரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தமிழகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் சென்னைக் கிளை குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. தோலுக்கடியில் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ போடும் எமிசிசுமாப் என்னும் புதிய மருந்தும் ஏ வகைக்கு வந்திருக்கிறது. விலை மிக அதிகம். ஆயினும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழுவினர் கடுமையான ஏ வகை நோயுள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். நோயாளியின் சொந்த ஆதிசெல்களை எடுத்து, ஃபேக்டர் 8 உண்டாக்கும் மரபணுவைச் சேர்த்து, திரும்ப அவருக்கே செலுத்தினார்கள். ஐவருக்கும் பின்தொடர்ந்த காலத்தில் இரத்தக்கசிவு நேரவில்லை என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். ஐந்து பேர் என்பது சிறிய தொகை. நாளைக்கே எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரு கட்டிலோடு தொடங்கிய இடத்திலிருந்து இந்தச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஸ்தோத்திரம் பண்ணினோம்.

சபை என்ன செய்யலாம் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முடிச்சூர் முழுவதும் தண்ணீர். மின்சாரம் இல்லை. அவசரத்திற்கென்று அந்த வீட்டில் இரண்டு குப்பி ஃபேக்டர் இருந்தது. குளிரில் வைக்க வேண்டிய மருந்து. அந்தத் தாய் நகையை எடுக்கவில்லை, சான்றிதழ்களை எடுக்கவில்லை. குப்பிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மார்பளவு நீரில் நடந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஜெனரேட்டர் இருந்த ஒரு சபைக் குடும்பம் தங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இடம் கொடுத்தது. அன்று முதல் சபையில் ஒரு சிறிய ஒழுங்கு வைத்திருக்கிறோம். யார் வீட்டில் குளிரில் வைக்கும் மருந்து இருக்கிறது, இரவில் வண்டி எடுக்க யார் வருவார் என்று செயலாளரிடம் ஒரு பட்டியல் உண்டு.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சில காரியங்களைச் சொல்லிவைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் பெற்றோரைக் கேட்டே கொடுக்க வேண்டும். தசையில் ஊசி போட விடக் கூடாது. தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும், உடனே மருத்துவமனை. ஃபேக்டர் முதலில், ஸ்கேன் பிறகு. கபடி வேண்டாம், நீச்சல் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது பதினேழு வயது. சற்று விந்தி நடக்கிறான். தன் நரம்பில் தானே ஊசி ஏற்றக் கற்றுக்கொண்டான். வாலிபர் சங்கக் கிரிக்கெட்டில் ஓட்டக் கணக்கு எழுதுகிறவன் அவன்தான். அவன் கணக்கை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவனுக்கு ஒரு தங்கை உண்டு. பூப்பெய்துவதற்கு முன்பே அவளையும் சோதித்தார்கள். அவளும் சுமக்கிறாள். ஆனால் அவள் தன் தாயைப்போல் பன்னிரண்டு நாள் மௌனமாயிருக்கப் போவதில்லை.

கடந்த மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். 2010இல் என்னுடைய ஜெபத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். மாமியாரும் இருந்தார்; இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மருமகள்தான் கையைப் பிடித்து நடத்துகிறாள். அந்தச் சகோதரி வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னைக்கு முழங்கால் போட்டப்ப நான் என் அம்மாவோட பாவத்துக்காக அழலைங்கய்யா. என் பிள்ளைக்கு நானே விஷமாயிட்டேனேன்னுதான் அழுதேன். நாலு வருஷம் அவனைத் தூக்குறப்பெல்லாம் அதையே நெனச்சேன்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பிரியமானவரே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பரம்பரை நோயுள்ள ஒரு பிள்ளை உங்கள் தெருவில் இருக்கலாம், உங்கள் சபையிலே இருக்கலாம். ஹீமோஃபிலியாவோ, தலசீமியாவோ, வேறெதுவோ. அந்த வீட்டுக்குப் போங்கள். யாரால் வந்தது என்று கேட்காதிருங்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும்போது வாசலில் நின்று, அந்தத் தாயிடம், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.

ஜெபிப்போம்.

எங்கள் இரத்தத்தின் எழுத்துக்களையெல்லாம் அறிந்திருக்கிற பிதாவே, நாங்கள் அறியாமல் சொன்ன கொடிய வார்த்தைகளை எங்களுக்கு மன்னியும். பழியைச் சுமக்கும் தாய்மாருடைய தலையை உயர்த்தும். வலியோடு இந்த இரவைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு வேளைக்கு மருந்து கிடைக்கச் செய்யும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பெலன் தாரும். பேசுமுன் கேட்கிற இருதயத்தை உம்முடைய ஊழியக்காரருக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.